ஐ7 இருக்கு தம்பி!

ப்ளஸ் டூ முடித்த பையன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் வாங்கப் போகிறான். அப்பாவிடம் சொன்ன காரணம் படிப்பு. நிஜக் காரணம் கேம். ரிச்சி ஸ்ட்ரீட்டோ, சொந்த ஊரில் அசெம்பிள் செய்யும் கடையோ, கேட்கும் வசனம் ஒன்றுதான். "ஐ7 இருக்கு தம்பி. 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, கேபினெட்ல லைட் எல்லாம் எரியும்!" பையன் முகத்திலும் லைட் எரிகிறது. அப்பா பணத்தை எண்ணிக் கொடுக்கிறார்.

சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை. அதுதான் இந்த வியாபாரத்தின் சாமர்த்தியம்.

முதலில் ஐ7. ஐ7-2600 என்ற சிப் 2011-ல் வந்தது. 4 கோர், 8 த்ரெட். 2022-ல் வந்த ஐ3-12100-க்கும் அதே 4 கோர், 8 த்ரெட்தான். ஆனால் ஒவ்வொரு கோரும் அதைவிட நல்ல வேகம். ஆக, பழைய அண்ணனைப் புதிய கடைக்குட்டி ஓட்டத்தில் தோற்கடித்துவிடும். விண்டோஸ் 11-க்கு இன்டெல் சிப் என்றால் பொதுவாக எட்டாவது தலைமுறை வேண்டும். 2600 இரண்டாவது தலைமுறை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. 'ஐ7' என்பது குடும்பப் பெயர் மட்டுமே. வயதைச் சொல்வது பின்னால் வரும் எண்.

அடுத்து அந்த '4 ஜிபி கார்டு'. டிடிஆர்3 மெமரி போட்ட 64 பிட் ஜிடி 730-லும் 4 ஜிபி உண்டு. ஜிடிஎக்ஸ் 1650-லும் 4 ஜிபி உண்டு. முன்னதில் மெமரி நொடிக்கு 14.4 ஜிபி நகர்த்தும். 2019-ல் வந்த பின்னதில் 128 ஜிபி. தொட்டி இரண்டும் ஒரே அளவு, குழாய்தான் ஒன்பது மடங்கு வித்தியாசம்! இந்தக் கூத்தில் கம்பெனிக்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. ஜிடி 1030 என்ற ஒரே பெயரில் நொடிக்கு 48 ஜிபி நகர்த்தும் கார்டும் விற்றது, 16.8 ஜிபி மட்டும் நகர்த்தும் கார்டும் விற்றது. கடைக்காரரை மட்டும் திட்டி என்ன பயன்?

கடைசியாக, யாருமே கேட்காத எஸ்எம்பிஎஸ். கேபினெட்டோடு இலவசமாக வரும். மேலே '500 வாட்' என்று ஸ்டிக்கர். அதே ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேராக 18 ஆம்ப் என்று இருந்தால், பெருக்கிப் பாருங்கள், 216 வாட்தான். ஆர்டிஎக்ஸ் 3060 மட்டுமே 170 வாட் கேட்கும். ஐ5-12400எஃப் முழு வேகத்தில் 117 வரை போகும். மொத்தம் 287. ஆட்டம் சூடுபிடிக்கும் நேரத்தில் மெஷின் அணைந்தால் பழி கேம் மேல் விழும்.

"பட்ஜெட் இல்லாதவன் பழசுதானே வாங்க முடியும்?" என்று ஒரு வாதம் வரும். நியாயமான கேள்வி. பழசு வாங்குவது தப்பே இல்லை. பழசு என்று தெரிந்து, பழசின் விலைக்கு வாங்க வேண்டும். வயதை மறைத்துப் பெயரை மட்டும் விற்பதுதான் தப்பு. முழு மாடல் நம்பரைத் தாமாகவே எழுதிக் கொடுக்கும் கடைகளும் உண்டு. அவர்களுக்கு ஒரு கும்பிடு.

பணத்தில் பெரும்பங்கு கிராபிக்ஸ் கார்டுக்கு. அடுத்து ஒரு நடுத்தர ப்ராசஸர், நம்பகமான எஸ்எம்பிஎஸ். ரேம் 16 ஜிபி என்றால் இரண்டு எட்டாக. மிச்சம் இருந்தால் லைட். கண்ணாடி கேபினெட்டும் கலர் ஃபேனும் ஒரு ஃப்ரேம்கூட ஏற்றித் தராது.

பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: "அண்ணே, ஒவ்வொரு பார்ட்டுக்கும் முழு மாடல் நம்பரை பில்லில் எழுதிக் கொடுங்க." எழுதத் தயங்கினால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டலாம். அது அப்பாவின் பல மாதச் சேமிப்பு. லைட் எரிவதைப் பார்ப்பதற்கு மட்டும் என்றால் தீபாவளிக்கு சீரியல் செட் வாங்கினால் போதுமே!