குழியிற் கிடைத்த பாடம்

மாணவர் மன்றத்திலே சுற்றாடற் பாதுகாப்பைப் பற்றி அரைமணி நேரம் பேசிவிட்டு, கைதட்டலும் பெற்றுக்கொண்டு வீடு திரும்பிய நாள் அது. மாலையில், கூட்டிக் குவித்திருந்த குப்பைக்கு வழமைபோலத் தீ மூட்டினேன். மாவிலையும் வேப்பஞ் சருகும் மட்டுமா அதில் இருந்தன? சீனி வாங்கிவந்த பொலித்தீன் பை, பிஸ்கற் உறை, பற்பசைக் குழாய் யாவும் கலந்தே கிடந்தன. கரும்புகை எழுந்தது. ஏழு வயது மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு அருகில் வந்தாள்.

“அப்பா, பொலித்தீனை எரிக்கக் கூடாதெண்டு எங்கட ரீச்சர் சொன்னவா. நீங்களும் மாஸ்ரர்தானே, பிறகேன் எரிக்கிறியள்?”

நூறு மாணவர் முன் தடுமாறாத நா அச்சிறுமியின் முன் தடுமாறிவிட்டது. மண்ணை அள்ளிப் போட்டுத் தீயை அணைத்தேன். பொலித்தீன், பிளாஸ்டிக் முதலியவற்றைத் திறந்தவெளியில் எரித்தால் நச்சுப்புகை எழும் என்பதும், அவற்றுள் பிவிசி என்னும் வகை எரிகையில் டயொக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டாகும் என்பதும் நான் அறியாதன அல்ல. அறிந்தும் செய்தேன், அதுவே குற்றம். அவ்வினாவுக்குப் பின் எம் வீட்டில் நிகழ்ந்தவற்றையே இவ்வாரம் பெற்றோருடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

மீள்சுழற்சி என்னும் சொல் எமக்குப் புதிது, செயல் புதிதன்று. யாழ்ப்பாணத்துப் பனையோலை முதலிற் கூரையை மூடிற்று, வேலியை அடைத்தது, இற்றுப்போன பின் தோட்டத்து மண்ணிலே புதைக்கப்பட்டுப் பசளையாயிற்று. சிரட்டை அகப்பையாயிற்று, தும்பு கயிறாயிற்று. அக்காலத்துக் குழந்தைக்கு இதனை எவரும் உபதேசிக்கவில்லை. தந்தை ஓலை புதைக்கும்போது அருகில் நின்று பார்த்தது, ஒரு கை மண்ணும் தள்ளிற்று, கற்றுக்கொண்டது. இன்று குப்பையின் குணம் மாறிவிட்டது. குழந்தை கற்கும் முறையோ மாறவில்லை.

ஆதலின், அடுத்த சனிக்கிழமை நாங்கள் செய்த முதல் வேலை, கிணற்றடிக்கு அப்பால் ஒரு சாண் ஆழத்தில் நான்கு குழிகள் தோண்டியதே. ஒன்றில் வாழையிலைத் துண்டு, மற்றொன்றில் செய்தித்தாள், மூன்றாவதிற் பழைய பருத்தித் துணி, நான்காவதிற் பொலித்தீன் பை. ஒவ்வொன்றின் மேலும் ஒரு தடி நாட்டினோம். ஐந்து வயதுத் தம்பி நாள்தோறும் குழிக்கு ஒரு சிரட்டை நீர் ஊற்றினான். இரண்டு மாதம் கழித்துத் தோண்டினோம். வாழையிலையைக் காணோம், மண்தான் இருந்தது. செய்தித்தாள் கூழாகிக் கையோடு வந்தது. துணி இழுத்த இடமெல்லாம் கிழிந்தது. பொலித்தீன் பையை மகள் கிணற்று நீரிற் கழுவி, அதில் அச்சிட்டிருந்த கடையின் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தாள். அதன்மேல் நான் விளக்கம் கூற வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது, பிரித்தெடுத்தல். அடுக்களை வாசலில் மூன்று பாத்திரங்கள்: உக்குவனவற்றுக்கு ஒன்று, கடதாசி, போத்தல், தகரப்பேணிகளுக்கு ஒன்று, எஞ்சியவற்றுக்கு ஒரு சாக்கு. பிளாஸ்டிக் போத்தலின் அடியிலே முக்கோணமும் அதனுள் ஓர் எண்ணும் இருக்கும். அம்புகள் சுற்றிவரும் அச்சின்னத்தை 1970ஆம் ஆண்டில் வரைந்தவர் கேரி அண்டர்சன் என்னும் அமெரிக்க மாணவர். பிளாஸ்டிக்கின் வகையைக் காட்டும் எண்கள் 1988இல் வந்தன. குடிநீர்ப் போத்தல் 1. மென்மையான பொலித்தீன் 4. எண்ணைத் தேடிப் படிப்பது பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டாகிவிட்டது. ஆனால் எண் வகையைக் கூறுமேயன்றி, அப்பொருள் கட்டாயம் மீள்சுழற்சியாகும் என்று உறுதி கூறாது. இதனையும் மறைக்காமற் சொல்லிக்கொடுத்தல் வேண்டும்.

மூன்றாவது, கடதாசி செய்தல். பழைய செய்தித்தாளைச் சிறு துண்டுகளாகக் கிழித்து ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் உரலில் இடித்துக் கூழாக்குக. அகன்ற பாத்திரத்தில் நீருடன் கலக்கி, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய நுளம்பு வலையால் அள்ளுக. நீர் வடிந்ததும் துணியின்மேற் கவிழ்த்து, ஒற்றி, உலரவிடுக. எமது முதல் தாள் ரொட்டிபோலத் தடித்திருந்தது. மூன்றாவது தாளில் மகள் அம்மம்மாவுக்குக் கடிதம் எழுதினாள். ஒவ்வொரு முறையும் நார் குறுகுவதாற் கடதாசியை முடிவின்றிப் புதுப்பித்தல் இயலாது. கண்ணாடியையோ எத்தனை முறையும் உருக்கி வார்க்கலாம். மூலத்தாதிலிருந்து அலுமினியம் எடுப்பதற்கு வேண்டிய சக்தியில் ஏறக்குறைய 5 சதவீதமே பழைய பேணியை உருக்கி எடுக்கப் போதும்.

நான்காவது, கூட்டெரு. அடியிலே துளையிட்ட பழைய வாளியில் ஒரு படை சருகு, ஒரு படை மரக்கறித் தோல், மேலே ஒரு பிடி மண் என மாறிமாறி இடுக. மீனும் இறைச்சியும் ஆகா. பிழிந்த துணியளவு ஈரம் இருத்தல் வேண்டும். வாரம் ஒருமுறை கிளறினால் ஏறக்குறைய மூன்று மாதத்திற் பசளை கிடைக்கும்.

நிற்க. கழிவுப் பொருளில் அலங்காரப் பொருள் செய்துவருமாறு பிள்ளைகளுக்கு வீட்டுவேலை கொடுப்பதுண்டு. வெற்றுப் போத்தல் அகப்படாமையால், கடையிற் சோடா வாங்கி, அதனை ஊற்றிவிட்டுப் பூச்சாடி செய்த பெற்றோரை நான் அறிவேன். புள்ளிகள் கிடைத்திருக்கும், குழந்தை கற்றதோ நேர்மாறானது. ஏற்கெனவே கழிவாய்க் கிடப்பதை எடுத்தாற்றான் அது பாடம். வாங்கிக் கழிவாக்குதல் வெறும் வேடம்.

எறிந்த பொருள் மறைந்துபோவதில்லை, வேறோரிடத்திற் குவிகிறது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று, கொழும்பு மீதொட்டமுல்லையிலே குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடிற்று. 30இற்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு செப்டெம்பரில் மெல்லிய பொலித்தீனுக்கும் உணவு சுற்றும் தாளுக்கும் தடை வந்தது. சட்டம் கடைவாசல் வரை வரும். எமது வளவின் கோடிக்குள் வரவேண்டியது மனச்சான்றே.

எல்லாம் சீராகிவிட்டன என்று நான் கூறமாட்டேன். பழைய போத்தலும் பேணியும் கடதாசியும் வாங்க ஆள் வருகிறார். பிஸ்கற் உறையை அவர் தொடுவதில்லை. அவை சாக்கிலேயே கிடக்கின்றன. “உதை வாங்காமல் விட்டால் என்ன?” என்று மகளே வழி சொன்னாள். இப்பொழுது சாக்கு மெல்லவே நிறைகிறது.

சென்ற வாரம் அயல் வளவிலிருந்து கரும்புகை எழுந்தது. “அப்பா, அவைக்கும் போய்ச் சொல்லுவமோ?” என்றாள்.

“சொல்ல வேண்டாம், பிள்ளை. அந்த வீட்டுத் தம்பியைக் கூட்டிக்கொண்டு வாரும். நாலு குழி தோண்டுவம்” என்றேன்.