மெய்யும் ஊகமும்

2006ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள். மகாராட்டிர மாநிலத்தின் நந்துர்பார் மாவட்டத்தைச் சேர்ந்த நவாபூரில் கோழிகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. வெள்ளைக்கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோயே காரணம் என்று பலர் கருதினர். போபாலில் உள்ள விலங்குநோய் ஆய்வகம் மாதிரிகளைச் சோதித்தபோது பறவைக் காய்ச்சல் என்பது உறுதியாயிற்று. இந்தியாவில் இந்நோய் கண்டறியப்பட்டது அதுவே முதன்முறை.

ஆறுதல் தந்த ஊகம் பொய்த்தது. அடுத்து, அச்சம் தந்த ஊகம் எழுந்தது. கோழி உண்டாலே நோய் வரும் என்னும் பேச்சு காட்டுத்தீயெனப் பரவியது. நோய் எட்டிப்பாராத மாநிலங்களிலும் மக்கள் கோழியையும் முட்டையையும் கைவிட்டனர். விலை வீழ்ந்தது, கடன் பெற்றுப் பண்ணை நடத்திய எளியோர் கலங்கினர். நவாபூரிலோ மனிதர் எவருக்கும் இந்நோய் உறுதி செய்யப்படவில்லை.

அறிவியல் கூறும் மெய் யாது? நோயுற்ற அல்லது இறந்த பறவைகளோடு நெருங்கிப் பழகுவோர்க்கே இந்நோய் பெரும்பாலும் தொற்றுகிறது. இறைச்சியின் எல்லாப் பகுதியும் 70 பாகை செல்சியசு வெப்பம் அடையுமாறு சமைத்தால் தீநுண்மி அழிந்துவிடும்.

எனினும், அஞ்ச வேண்டியதே இல்லை என்பதும் பிழையாகும். 2003ஆம் ஆண்டிற்குப் பின் உலகெங்கும் எச்5என்1 தொற்று உறுதி செய்யப்பட்ட மனிதருள் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்துள்ளனர். 2021ஆம் ஆண்டில் அரியானாவைச் சேர்ந்த சிறுவன் ஒருவன் தில்லியில் இந்நோயால் உயிரிழந்தான். ஆகவே, அமைதி என்பது அலட்சியம் அன்று. இறந்து கிடக்கும் பறவையைத் தொடாமல் கால்நடை மருத்துவமனைக்குத் தெரிவிப்பதே அமைதியுடையார் செயல்.

ஊகித்தல் குற்றமா? அன்று. "இது பறவைக் காய்ச்சலாக இருக்குமோ?" என்று ஒருவர் ஐயுற்றதால்தான் மாதிரிகள் ஆய்வகம் சென்றன. ஊகம் வினாவாக நிற்கும்வரை நன்மை தரும். விடையாக வேடமிட்டு வரும்போது தீமை செய்யும். ஒரு செய்தி கைக்கு எட்டியதும் மூன்றினை எண்ணிப் பார்த்தல் வேண்டும்: கண்டவர் யார்? சோதித்தவர் யார்? "இருக்கலாம்" என்ற சொல் எவ்விடத்தில் "இருக்கிறது" என மாறியது? இவற்றிற்கு விடை கிடைக்காத செய்தியைப் பிறர்க்கு அனுப்பாதிருத்தலும் ஒரு நோய்த்தடுப்பே ஆகும்.