கைமாறும் நூல்கள்

கற்பிப்போர் கற்பதை நிறுத்தினால் வகுப்பறையும் தேங்கிவிடும். இதனை உணர்ந்த ஆசிரியர்கள் நல்ல நூல்களைத் தம்முள் பரிமாறிக்கொள்கின்றனர். கற்பித்தல் முறைகளை வரிசைப்படுத்தும் கையேடுகள் பல உள. அவற்றினும், வகுப்பறையை மாணவரின் கண்கொண்டு காணச்செய்யும் நூலே முதலில் பரிந்துரைக்கத் தக்கது.

குஜராத்திக் கல்வியாளர் கிஜுபாய் பதேக்கா 1932இல் எழுதிய 'பகல் கனவு' அத்தகையது. கதையில் வரும் ஆசிரியர் நான்காம் வகுப்பை ஓராண்டுக்குப் பொறுப்பேற்கிறார். முதல் நாளிலேயே அவரது திட்டம் குழந்தைகளின் கூச்சலில் சிதைகிறது. அவர் பிரம்பைத் தேடவில்லை. மறுநாள் கதை சொல்லத் தொடங்குகிறார். பழியை மாணவர்மேல் சுமத்தாமல் தம் முறையை மாற்றிக்கொண்டதே அவரது வெற்றி.

இத்தாலியின் மலையூரான பார்பியானாவின் பள்ளி மாணவர்கள் எழுதி, 1967இல் வெளிவந்த 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' இதனினும் கூர்மையானது. ஏழைப் பிள்ளைகளைத் தேர்வில் தவறச்செய்து வெளியேற்றும் கல்விமுறையை அம்மாணவர்களே அதில் வினவுகின்றனர்.

பாடப்பகுதியை முடிக்கவே காலம் போதவில்லை. இந்நூல்களைப் படிப்பது எப்போது என்பர் சிலர். காலக்குறை உண்மையே. ஆயினும், கடைசி வரிசை மாணவரைச் சென்றடையாத பாடத்தை முடிந்த பாடம் எனக் கொள்ளலாமா?

எனவே, நூலைக் கொடுத்தவர் 'படித்தீர்களா?' எனக் கேட்பதோடு நில்லாமல், 'வகுப்பில் எதை மாற்றினீர்கள்?' எனவும் கேட்டல் வேண்டும். நூல் கைமாறியதன் பயன் அவ்விடையில்தான் உள்ளது.