அனுப்புநர் பெயர் இல்லாத கடிதம்



போன வாரத் தபாலில் ஒரு கடிதம். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். அனுப்புநர் பெயர் இல்லை. எழுதியவருக்கு 27 வயது, கல்யாணமாகி எட்டு மாதம். பதினைந்து வயதிலிருந்து செல்போனில் ‘அந்த மாதிரிப் படம்’ பார்க்கிறார். மனைவியோடு இருக்கும்போது உடம்பு ஒத்துழைப்பதில்லை. லாட்ஜில் தங்கி வைத்தியம் பார்க்கும் ஒருவர், ‘கைப்பழக்கத்தால் வந்த நரம்புத் தளர்ச்சி’ என்று சொல்லி லேகியத்துக்கு 18,000 ரூபாய் வாங்கியிருக்கிறார். மனைவியின் கம்மலை அடகு வைத்த பணம். ‘நான் ஆம்பளையே இல்லையா சார்?’ என்று எழுதி, அடித்து, அதற்குக் கீழே மறுபடியும் அதையே எழுதியிருக்கிறார்.

தம்பி, பதில் போட முகவரி இல்லாததால் இங்கேயே எழுதுகிறேன்.

கைப்பழக்கத்தால் நரம்பு தளராது. விந்து உடம்பில் ஊறிக்கொண்டே இருப்பது. வெளியேறினால் தீர்ந்துபோகும் சேமிப்பு அல்ல. அது போனால் உயிர்ச்சத்தே போய்விடும் என்ற பயத்தால் சோர்ந்து, பதறி வருகிற ஆண்களைக் கவனித்துத்தான் மனநல மருத்துவர் என்.என். விக் 1960-இல் ‘தாது சிண்ட்ரோம்’ என்று பெயர் வைத்தார். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ‘ஆண்மைக் குறைவா?’ என்று கேட்கும் நோட்டீஸ்கள் அந்தப் பயத்தை வைத்துத்தான் பிழைக்கின்றன. எனக்கு இதில் ஆறாத கோபம் உண்டு.

படங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அவைதான் விறைப்புக் குறைவுக்குக் காரணம் என்று மருத்துவ உலகம் முடிவாகச் சொல்லவில்லை. ஆனால் அவை நடிப்பு. வெட்டி ஒட்டிய காட்சிகள். அவற்றை அளவுகோலாக வைத்துக்கொண்டு படுக்கையில் தன்னையே பரீட்சை செய்தால் பயம் வரும். பயத்தில் அட்ரினலின் சுரந்து ரத்தக் குழாய்கள் சுருங்கும். விறைப்புக்கு வேண்டியதோ அவை தளர்ந்து விரிவது. ஒரு நாள் தவறினால் மறுநாளுக்கும் பயம் தொற்றிக்கொள்ளும். காலையில் எழும்போது விறைப்பு இருக்கிறதா என்று மருத்துவர் கேட்பார். இருந்தால் உடம்பு பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது.

படம் பார்ப்பதை நிறுத்த நினைத்தும் முடியாமல், வேலையும் வீடும் கெடுகிற அளவுக்குப் போனால் அது வேறு. கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தையை உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் சேர்த்துக்கொண்டுள்ளது. 2022 ஜனவரியிலிருந்து அந்தப் புதிய பட்டியல் நடைமுறையில் இருக்கிறது. மனநல மருத்துவரிடம் இதற்கு உதவி உண்டு. வெளியே சொல்லக் கூச்சமாக இருந்தால், மனநல உதவி எண்ணான 14416-க்குப் போன் செய்து தமிழிலேயே பேசலாம், செலவில்லை.

நாற்பதைத் தாண்டிய அண்ணன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. ஆணுறுப்பின் ரத்தக் குழாய் 1, 2 மில்லிமீட்டர்தான். இதயத்தினுடையது 3, 4 மில்லிமீட்டர். அடைப்பு வந்தால் சின்னக் குழாய்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். சர்க்கரை, ரத்த அழுத்தம், புகை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். மருந்துக் கடையில் நீங்களாகவே விறைப்புக்கான மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். நெஞ்சுவலிக்கான நைட்ரேட் மருந்தோடு அது சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

தம்பி, உங்கள் கடிதத்தில் மனைவியின் நிலையைப் பற்றி ஒரே வரிதான் இருக்கிறது: ‘அவளுக்கு எதுவும் தெரியாது.’ எட்டு மாதமாக, குறை தன்னிடம்தானோ என்று அந்தப் பெண் நினைத்துக்கொண்டிருக்கக்கூடும். இன்றைக்கு ராத்திரி சொல்லிவிடுங்கள், கம்மலையும் சேர்த்து. திங்கட்கிழமை காலையில், ரத்தப் பரிசோதனைக்கு வசதியாக வெறும் வயிற்றோடு, இரண்டு பேருமாக அரசு மருத்துவமனைக்குப் போய் வாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்