ஜாபிதாவில் இல்லாத இடம்

வாசகர்களே, உங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் முதலில் என்ன கேட்பீர்கள்? "காப்பியா, டீயா?" என்றுதானே? அதே விருந்தாளியை ஊர் சுற்றிக் காட்ட அழைத்துப் போகும்போது மட்டும் அந்த மரியாதை நமக்கு மறந்துவிடுகிறது. "உங்களுக்கு எதைப் பார்க்க ஆசை?" என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. நம்மிடம் உள்ள ஜாபிதாவை விரித்துவிடுகிறோம். அப்படியெல்லாம் இல்லை என்பீர்களானால், சென்ற மாதம் நான் ராமேசுவரம் போய் வந்த கதையைக் கேளுங்கள்.

மதுரை காஜிமார் தெருவில் எனக்கு வேண்டிய பெரியவர் ஒருவர் இருக்கிறார். அத்தர் வியாபாரம் செய்தவர். கடையை மகனிடம் ஒப்படைத்துப் பத்து வருஷமாகியும் அவர் வருவதற்கு முன்னால் வாசனை வந்துவிடும். வயது எழுபத்தைந்து. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, எங்க வீட்டுல ராமேசுவரம் போகணும்னு ஒத்தைக்கால்ல நிக்கிறாங்க. கல்யாணமாகி ஐம்பது வருஷத்துல ஒரு ஊரைச் சொல்லிக் கேட்டது இதுதான் முதல் தடவை. பேச்சுத் துணைக்கு நீங்களும் வாங்க" என்றார்.

"ராமேசுவரத்தில் என்ன பார்க்க வேண்டுமாம்?" என்று கேட்டேன்.

"அதை யார் கேட்டா? ஊரைப் பார்க்கணும்னா ஊரைத்தானே பார்க்கணும்!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு என்பதைக் குறித்துக் கொள்ளுங்கள்.

சுபுஹு தொழுகை முடிந்ததும் காரில் புறப்பட்டோம். மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் என்று சுமார் 170 கிலோமீட்டர். வழியெல்லாம் சீமைக் கருவேலம், நடுநடுவே பனை, களத்தில் சிவப்புக் கம்பளம் விரித்தாற்போல் குண்டு மிளகாய். நம் வைகையும் கூடவே வந்தது, மணலாக! எழுபதை எட்டிக் கொண்டிருக்கும் அந்த அம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக் கொண்டே வந்தார். மானாமதுரை வந்தபோது மட்டும், "அப்போ இங்கே ரயில் ரொம்ப நேரம் நிக்கும்" என்றார். எப்போது என்று நாங்கள் கேட்கவில்லை.

மண்டபத்தில் வழிகாட்டி ஏறிக் கொண்டார். ஐம்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு அட்டை. "பதினாலு இடம் சார், ஆறு மணி நேரம். பாய், மேடம், நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க" என்றார். மனிதர் விஷயம் தெரிந்தவர்தான். பாம்பன் சாலைப் பாலத்தின் மேல் நிறுத்தி, கீழே கடலுக்குள் நிற்கும் ரயில் பாலங்களைக் காட்டினார். பழையது 1914-இல் திறந்தது; கப்பல் வந்தால் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. புதியது 2025 ஏப்ரலில் திறந்தது. நடுப்பகுதி அப்படியே லிப்ட் மாதிரி மேலே எழும்புகிறது. 1964 புயலில் சிதைந்த பழைய பாலத்தை, ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் 46 நாளில் நிமிர்த்தி வைத்தாராம். பிற்காலத்தில் டில்லி மெட்ரோவைக் கட்டியவரும் அவரேதான்.

"புயல்" என்றதும் அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார். வழிகாட்டி அதற்குள் அட்டையில் அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம். 2015 ஜூலை 27-இல் மறைந்தவருக்கு, இரண்டு வருஷம் கழித்து அதே தேதியில் திறந்த மண்டபம். பெரியவர் அங்கே ஃபாத்திஹா ஓதிவிட்டு வெகுநேரம் நின்றார். பிறகு ஊருக்குள் பள்ளிவாசல் தெருவில் கலாம் பிறந்த வீடு. யுத்த காலத்தில் ராமேசுவரத்தில் ரயில் நிற்பது ரத்தாகிவிட, ஓடும் ரயிலிலிருந்து பத்திரிகைக் கட்டுகளை வீசுவார்களாம். சிறுவன் கலாம் அவற்றைப் பொறுக்கி எடுத்து, ஒன்று விட்ட சகோதரர் சம்சுதீனுக்கு உதவினாராம். அவருடைய தகப்பனார் யாத்ரீகர்களைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிச் செல்லப் படகு கட்டினார் என்றும் வழிகாட்டி சொன்னார்.

"தனுஷ்கோடிக்கு எப்ப போவோம்?" என்று அந்த அம்மாள் முதல் முறையாக வாய் திறந்தார்.

"அது பதினாலாவது மேடம். கடைசியில்!"

கோயிலின் கிழக்குக் கோபுரத்தடியில் வண்டி நின்றதும் வழிகாட்டிக்குக் கொஞ்சம் சங்கடம். தலையைச் சொறிந்தார். பெரியவரே அவரைக் காப்பாற்றினார். "நாங்க மதுரைக்காரங்கப்பா. மீனாட்சியம்மன் கோபுரத்தைப் பார்த்துத் திசை சொல்லியே வளர்ந்தோம். வெளியே நின்னு பார்த்தாலும் கோபுரம் கோபுரம்தானே? தம்பி உள்ளே போயிட்டு வரட்டும்" என்றார். நான் போய் 1212 தூண்கள் கொண்ட வெளிப் பிரகாரத்தைப் பார்த்து வந்தேன். திரும்பி வந்தபோது பெரியவர் லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசல் தெருவுக்குப் போயிருந்தார். சிறுவன் கலாமைத் தந்தை கைப்பிடித்துத் தொழ அழைத்துப் போனது அந்தப் பகுதிப் பள்ளிவாசலுக்குத்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு தர்கா. ஆதம் நபியின் மக்கள் ஹாபில், காபில் இருவரும் அடங்கியிருப்பதாக மக்கள் நம்பும் இடம். கபுறுகள் சாதாரண அளவில் இல்லை, நீளமோ நீளம். தனுஷ்கோடிக்கு அப்பால் கடலில் தொடர்ந்து கிடக்கும் மணல் திட்டுகளை இந்துக்கள் சேது என்கிறார்கள். ஆதம் நபி அந்த வழியே நடந்தார் என்று சொல்லி, ஆதம் பாலம் என்ற பெயரும் வழங்குகிறது. திட்டு ஒன்று; கதை இரண்டு. இரண்டிலும் ஒருவர் இன்னொரு கரையைத் தேடித்தான் போகிறார்.

பிறகு சங்குக் கடை. அடுத்து இன்னொரு சங்குக் கடை. மணி மூன்று. "கந்தமாதன பர்வதம் பாக்கி இருக்கு, அப்புறம்..." என்று வழிகாட்டி அட்டையைப் புரட்டினார். தனுஷ்கோடிப் பக்கம் பொழுது சாயுமுன் வண்டிகளைத் திருப்பிவிடுவார்கள் என்பது என் நினைவுக்கு வந்தது. அந்த அம்மாள் கடை வாசலில் பனையோலையில் முடைந்த சின்னக் கொட்டான் ஒன்றை வாங்கி மடியில் வைத்துக் கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய், காலையிலேயே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்.

"அம்மா, நீங்கள் எதைப் பார்க்க வந்தீர்கள்?"

"எங்க அத்தாவைக் கடைசியா பார்த்த இடத்தை" என்றார்.

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஐம்பது வருஷத்தில் அவருக்கும் அது புதிய செய்தி!

விஷயம் இதுதான். அவருடைய தகப்பனாருக்குக் கொழும்பில் கடைச் சிப்பந்தி வேலை. 1964 கோடையில் விடுமுறை முடிந்து கிளம்பியவரை வழியனுப்ப, எட்டு வயதுப் பெண் தாயாரோடு மானாமதுரை வழியாக ரயிலில் தனுஷ்கோடி வரை வந்திருக்கிறாள். அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். சுமார் 35 கிலோமீட்டர்தான். கப்பலேறுமுன் அவர் ஓர் ஓலைக்கொட்டான் நிறையக் கருப்பட்டி வாங்கி மகள் கையில் கொடுத்து, "இது தீர்றதுக்குள்ள வந்துடுவேன்" என்றாராம். அந்த டிசம்பர் 22-ஆம் தேதி இரவு புயல் வந்தது. பாம்பனிலிருந்து புறப்பட்ட ரயிலைப் பிரயாணிகளோடு கடல் விழுங்கியது. துறைமுகமும் ஊரும் போயின. தகப்பனார் கொழும்பில் பத்திரமாக இருந்தார். ஆனால் 1966-இல் அங்கேயே காய்ச்சலில் இறந்து, அங்கேயே அடக்கமானார். தந்திதான் வந்தது.

"கபுறைப் பார்க்கக் கொடுத்து வைக்கல. வழியனுப்பிய இடத்தையாவது ஒரு தடவை பார்த்துடணும்னு..." என்று நிறுத்திக் கொண்டார்.

வழிகாட்டி அட்டையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "அம்மா, எங்க தாத்தா தனுஷ்கோடிக்காரர்தான். புயலுக்கு மறுநாள் நடந்தே ராமேசுவரம் வந்தவர். முதல்லயே சொல்லியிருந்தா காலையில அங்கதானே போயிருப்பேன்! ஏறுங்க" என்றார். காலையில் "மேடம்" ஆக இருந்தவர் "அம்மா" ஆனதைக் கவனித்தீர்களா?

பர்வதத்தையும் பாக்கி இடங்களையும் விட்டுவிட்டு ஓடினோம். இரு பக்கமும் கடல், நடுவே நேர்கோடாகச் சாலை. கூரையில்லாத மாதா கோயில், ரயில் நிலையத்தின் இடிந்த சுவர்கள். வழிகாட்டி எங்களை ஒரு மணல் மேட்டுக்கு அழைத்துப் போய்த் துறை இருந்த திசையைக் காட்டினார். அங்கே தண்ணீர்தான் இருந்தது. அந்த அம்மாள் கையேந்தி துஆ செய்தார். பெரியவர் பக்கத்தில் வந்து நின்று தாமும் கையேந்தினார். பிறகு, "ஏம்மா, இத்தனை வருஷமா என்கிட்ட சொல்லலையே?" என்றார்.

"நீங்க கேட்கலையே" என்றார் அந்த அம்மாள். கோபமாக அல்ல, நாளை என்ன சமையல் என்று சொல்வது போல.

காவலர்கள் விசில் ஊதியதும் திரும்பினோம். கொட்டானில் ஒரு பிடி மணல் இருந்தது. அது வீடு வரை வந்து சேர்ந்ததா, வழியில் சிந்தியதா என்று நான் விசாரிக்கவில்லை. ஆனால் பெரியவர் பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டிருப்பதாக மகன் சொன்னார். கொழும்பில் அந்தப் பழைய மையவாடி எது என்று கடைக்காரச் சிநேகிதர்கள் மூலம் விசாரித்துக் கொண்டிருக்கிறாராம். அங்கே போக இப்போது மதுரையிலிருந்தே விமானம் இருக்கிறது.

வாசகர்களே, விடுமுறை வருகிறது. நீங்களும் வீட்டுப் பெரியவர்களை எங்காவது அழைத்துப் போவீர்கள். ஜாபிதா தயார் செய்யுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் முதல் வரியை மட்டும் காலியாக விட்டு, அதை அவர்களிடம் கேட்டு நிரப்புங்கள்.