கைமுதலோ கொஞ்சம், பெயரோ உலகமெங்கும்!

மேஜை ஆட்டக் கம்பெனிகளின் விளம்பர வித்தை

ஒரு சாமானைச் செய்வது பாதி வேலை. அப்படி ஒன்று இருக்கிறது என்று நாலு பேருக்குத் தெரியச் செய்வது மீதிப் பாதி. பெரிய கம்பெனிகளுக்கு இதில் கஷ்டம் இல்லை. பணத்தைக் கொட்டி டெலிவிஷனில் விளம்பரம் செய்துவிடும். கையில் காசில்லாத சின்னக் கம்பெனி என்ன செய்யும்?

இந்தக் கேள்வி மேஜை ஆட்டங்களை வெளியிடும் சிறு கம்பெனிகளை இன்று வாட்டுகிறது. நம் வீடுகளில் தாயமும் பரமபதமும் ஆடுகிறோம் அல்லவா? அதுபோல அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் குடும்பத்தோடு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் வழக்கம் உண்டு. பலகை, சீட்டு, பகடை, காய்கள் எல்லாம் ஒரே பெட்டியில் இருக்கும். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் புது ஆட்டங்கள் வருகின்றன. வெளியிடுகிறவர்களில் பலர் இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்தும் கம்பெனிக்காரர்கள்தான்.

வரி என்ற இடி

2025 ஏப்ரலில் இவர்கள் தலையில் ஓர் இடி விழுந்தது. அமெரிக்காவில் விற்கும் மேஜை ஆட்டங்களில் பெரும்பாலானவை சீனாவில்தான் தயாராகின்றன. சீனச் சரக்குகள் மீது அமெரிக்க அரசாங்கம் போட்ட இறக்குமதி வரி அந்த மாதம் 145 சதவிகிதத்தைத் தொட்டது. அதாவது, 10 டாலருக்குச் செய்து வாங்கிய பெட்டிக்கு 14 டாலர் 50 சென்ட் வரி!

மே மாதத்தில் இந்த வரி 30 சதவிகிதமாகக் குறைந்தது. ஆனால் அதற்குள் சேதம் நேர்ந்துவிட்டது. 'ஸ்பிரிட் ஐலண்ட்' என்ற புகழ்பெற்ற ஆட்டத்தை வெளியிட்ட கிரேட்டர் தேன் கேம்ஸ் கம்பெனி, தன் ஊழியர்களில் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பியது.

வரி கூடினால் கம்பெனிக்காரர் முதலில் எதைக் குறைப்பார்? அச்சுச் செலவைக் குறைக்க முடியாது. கப்பல் கூலியைக் குறைக்க முடியாது. விளம்பரச் செலவில்தான் கை வைப்பார். ஆனால் விளம்பரம் இல்லாவிட்டால் சரக்கு கிடங்கில் தூங்கும்! இந்தச் சிக்கலிலிருந்து தப்புவது எப்படி? முன்பு தப்பியவர்களின் கதைகளைப் பார்ப்போம்.

கடிதம் செய்த வேலை

கனடா நாட்டில் மாண்ட்ரீல் நகரம். 1979-ம் ஆண்டு. கிறிஸ் ஹேனி, ஸ்காட் அபட் என்ற இரண்டு பத்திரிகைக்காரர்கள் ஒரு கேள்வி-பதில் ஆட்டத்தைக் கண்டுபிடித்தார்கள். 'டிரிவியல் பர்சூட்' என்று பெயர் வைத்தார்கள். நண்பர்களிடமும் உறவினர்களிடமும் பங்குப் பணம் திரட்டினார்கள். முதலில் செய்த 1,100 பெட்டிகளுக்கு, ஒன்றுக்குச் சுமார் 75 டாலர் செலவாயிற்று. கடைக்காரர்களுக்குக் கொடுத்ததோ 15 டாலருக்கு!

பிறகு அமெரிக்காவில் விற்பனை தொடங்கியபோது, லிண்டா பெசானோ என்ற பெண்மணி விளம்பரப் பொறுப்பை ஏற்றார். அவர் ஒரு யுக்தி செய்தார். ஆட்டத்தின் கேள்விகளில் சினிமா நட்சத்திரங்கள், பிரமுகர்கள் பலருடைய பெயர்கள் வருகின்றன. அவர்களுக்கே ஆளுக்கொரு பெட்டியை அனுப்பி வைத்தார். தம் பெயர் இருப்பதைக் கண்டவர்கள் மகிழ்ந்து பதில் எழுதினார்கள். அந்தக் கடிதங்களே விளம்பரம் ஆயின! 1984-ல் மட்டும் சுமார் 2 கோடி பெட்டிகள் விற்றன.

எட்டே நிமிஷம்!

இப்போது இணையதளக் காலம். கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையதளம் 2009-ல் தொடங்கியது. ஆட்டத்தின் மாதிரியை அதில் காட்டி, "இத்தனை டாலர் சேர்ந்தால் அச்சிட்டு அனுப்புகிறோம்" என்று அறிவிக்கலாம். குறித்த தொகை சேராவிட்டால் யாரிடமும் பணம் வசூலிக்கப்பட மாட்டாது. சேர்ந்தால் அதில் 5 சதவிகிதம் கிக்ஸ்டார்ட்டருக்கு. பணம் கைமாறும் செலவு தனி.

2015 ஜனவரியில் 'எக்ஸ்ப்ளோடிங் கிட்டன்ஸ்' என்ற சீட்டாட்டத்துக்கு 10,000 டாலர் கேட்டார்கள். எட்டே நிமிஷத்தில் அது சேர்ந்துவிட்டது. ஒரு மாதத்தில் 2,19,382 பேர் சேர்ந்து 87 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள்!

இதைப் பார்த்து, "அதிர்ஷ்டம்" என்று சொல்லிவிடக் கூடாது. அந்தச் சீட்டுகளுக்குப் படம் போட்ட மாத்யூ இன்மன், தமது இணையதளத்தில் பல ஆண்டுகளாக வேடிக்கைச் சித்திரங்கள் வெளியிட்டு வந்தவர். லட்சக்கணக்கான வாசகர்கள் அவருக்கு ஏற்கெனவே இருந்தார்கள். அறுவடை ஒரு மாதம். உழவு பல வருஷம்!

பறவைகள் கொண்டு வந்த கூட்டம்

2019-ல் 'விங்ஸ்பேன்' வந்தது. எலிசபெத் ஹார்கிரேவ் அமைத்த ஆட்டம் இது. ஸ்டோன்மேயர் கேம்ஸ் வெளியீடு. போர் இல்லை, அரக்கர்கள் இல்லை. வட அமெரிக்கப் பறவைகள்தான். 170 பறவைச் சீட்டுகளில், உண்மையான விவரங்களும் அழகான படங்களும் இருந்தன.

பலன் என்ன? மேஜை ஆட்டமே ஆடாத பறவைப் பிரியர்கள் தேடி வந்து வாங்கினார்கள். நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை கட்டுரை எழுதியது. ஜெர்மனியின் பெரிய பரிசு ஒன்றும் அதே ஆண்டு கிடைத்தது. இதுவரை பத்து லட்சத்துக்கும் மேல் விற்றிருக்கிறது. ஆட்டத்தின் பொருளே அதற்கு ஆட்களைக் கூட்டி வந்தது.

சந்தையும் பரிசும்

ஜெர்மனியில் எஸ்ஸென் நகரில் ஆண்டுதோறும் அக்டோபரில் மேஜை ஆட்டச் சந்தை கூடும். 2024-ல் சுமார் 2 லட்சம் பேர் வந்தார்கள். சிறு கம்பெனி ஒரு சிறிய இடத்தை வாடகைக்கு எடுத்து, நாலு நாற்காலி போட்டு, வருகிறவர்களை உட்கார வைத்து ஆடச் சொல்லும். ஆடி ரசித்தவர் பெட்டியோடு போவார். ஊருக்குப் போய் நண்பர்களிடம் சொல்வார்.

அந்த நாட்டில் 1979 முதல் 'ஆண்டின் சிறந்த ஆட்டம்' என்ற பரிசும் உண்டு. பரிசு பெற்ற பெட்டியில் சிவப்புக் காய் முத்திரை இருக்கும். அதைப் பார்த்தே வாங்கும் குடும்பங்கள் ஏராளம். 1995-ல் பரிசு பெற்ற 'கேட்டான்' பிறகு உலகமெங்கும் பரவியது.

எச்சரிக்கை!

விளம்பரம் வெற்றி பெற்றால் மட்டும் போதாது. 2012-ல் ஒருவர் ஓர் ஆட்டத்தின் பெயரால் கிக்ஸ்டார்ட்டரில் 1,22,000 டாலருக்கு மேல் திரட்டினார். அடுத்த ஆண்டு, "ஆட்டம் வராது" என்று கையை விரித்தார். திரட்டிய பணத்தில் பெரும் பகுதியைத் தமது சொந்தச் செலவுக்குப் பயன்படுத்தினார் என்று, 2015-ல் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் அவர் மீது நடவடிக்கை எடுத்தது. பணம் போட்டவர்களுக்கு வேறொரு கம்பெனி இரக்கப்பட்டு ஆட்டத்தை அச்சிட்டு அனுப்பியது. இத்தகைய ஒரு மோசடியால், நாணயமான பத்துக் கம்பெனிகளையும் ஜனங்கள் சந்தேகிப்பார்கள்.

மேலே சொன்ன கதைகளில் ஒரு சங்கதி பொதுவானது. டெலிவிஷன் விளம்பரத்துக்குப் பணம் கொட்டி யாரும் பெயர் வாங்கவில்லை. சரியான ஆளின் கையில் ஒரு பெட்டியைக் கொடுத்தார்கள். அல்லது தம்மை நம்பும் கூட்டத்தை முன்பே சேர்த்து வைத்திருந்தார்கள். ஆடிப் பார்த்தவர் மற்றவரிடம் சொன்னார். வரி ஏறினாலும் இறங்கினாலும் இந்த வாய்மொழி விளம்பரத்துக்கு வரி கிடையாது. ஆனால் ஆட்டம் நன்றாக இருக்க வேண்டும். பெட்டி சொன்னபடி வந்து சேர வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும், அதே வாய்மொழி ஆட்டத்தைக் கவிழ்த்துவிடும்!