விரல் பதியாத கையும் ஒரு பள்ளிக் கட்டுரையும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, சங்க அறையைப் பூட்டப் போகும் நேரத்தில், நமது உறுப்பினர் குடும்பத்துத் தாயார் ஒருவர் மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து நின்றார். மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். கம்ப்யூட்டர் சம்பந்தமாக நாட்டில் சர்ச்சைக்குள்ளான ஏதாவதொரு விஷயத்தைத் தேர்ந்தெடுத்து ஆய்வுக் கட்டுரை எழுதிவரும்படி பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். அவள் எடுத்திருக்கும் விஷயம், "ரேஷன் கடை மெஷினில் விரல் பதியாதவருக்கு அரிசி மறுக்கலாமா?" என்பது.

"பொழைக்க வந்த எடத்துல சர்க்காரப் பத்தி எழுதி வம்ப வெலைக்கு வாங்கணுமா அண்ணாச்சி? செல்போன் நல்லதா கெட்டதான்னு எழுதச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பா" என்றார் தாயார்.

உண்மையை ஒளிப்பானேன்? நாமும் அதையேதான் அந்தப் பெண்ணிடம் சொன்னோம். மேடை கிடைத்தால் உரிமை உரிமை என்று முழங்குகிற நமக்கே, பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்தி அதைத் தாளில் எழுதப் போகிறாள் என்றதும் அடிவயிறு கலங்கியது. அவள் விடவில்லை. "செல்போன் பத்தி எங்க கிளாஸ்ல பாதிப் பேரு எழுதுறாங்க மாமா. எல்லாம் ஏ.ஐ. எழுதிக் குடுத்தது, பேர மட்டும் மாத்துறாங்க. அம்மாவுக்கு நாலு மாசமா வெரல் பதியல. அத யாரு எழுதுவா?" என்று கேட்டாள்.

தாயாரின் கையைப் பார்த்தோம். நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற கை. ரேகை இருந்த இடம் வழவழவென்று கிடக்கிறது. நாலு மாதமாக நம்மிடம்கூட அவர் வாய் திறக்கவில்லை.

தோழர்களே, சர்ச்சை என்றால் என்ன? செல்போன் நல்லதா கெட்டதா என்பது சர்ச்சையே அல்ல. அதில் எந்தப் பக்கம் ஜெயித்தாலும் யாருடைய உலையும் அணையப் போவதில்லை. இரண்டு பக்கத்திலும் கொஞ்சம் நியாயம் இருக்க வேண்டும். தோற்கிற பக்கத்துக்கு நிஜமான நஷ்டம் இருக்க வேண்டும்.

ஆதாரில் இரண்டும் இருக்கின்றன. 2010 செப்டம்பரில் இதே மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டத்து தெம்ப்லி கிராமத்தில்தான் முதல் எண் கொடுக்கப்பட்டது. போலிக் கார்டுகளை ஒழிப்போம் என்றார்கள். போலிக் கார்டுக்காரன் தின்றது ஏழையின் பங்கைத்தானே? 2019-ல் தொடங்கி, 2020 அக்டோபரில் தமிழ்நாடும் சேர்ந்த 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஊரில் கார்டு உள்ள நம் குடும்பம், தாராவியில் நின்றே தன் பங்கை வாங்கலாம். அதற்கும் அதே மெஷின்தான் வேண்டும். மெஷினைத் தூக்கிக் கடலில் போடு என்று வெளியூரில் பிழைக்கும் நாம் லேசாகச் சொல்லிவிட முடியாது.

மறுபக்கம்? 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி சாதாரணக் குடும்பக் கார்டுக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் உரிமை. அந்த உரிமை கட்டைவிரல் நுனியில் தொங்குகிறது. 2017 செப்டம்பரில் ஜார்க்கண்ட் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாருடன் இணைக்கவில்லையென்று கார்டை நிறுத்தினார்கள், பசியால் செத்தாள் என்றது குடும்பம். மலேரியா என்றது மாநில சர்க்கார். அடுத்த மாதமே, ஆதார் காரணமாக யாருக்கும் ரேஷன் மறுக்கக் கூடாதென்று மத்திய சர்க்கார் சுற்றறிக்கை அனுப்பியது. அது நம் தெருக் கடைவரை வந்து சேர்ந்ததா என்பதுதான் அந்தப் பெண்ணின் கேள்வி.

ரயில்வேயில் இருப்பதால் நமக்கு இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1960-களில் கல்கத்தா எல்.ஐ.சி. ஊழியர்கள் கம்ப்யூட்டரே வரக் கூடாதென்று போராடினார்கள். வங்கி ஊழியர் 1983-ல் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டி ஒப்பந்தம் போட்டார்கள். 1985-ல் டில்லியில் கம்ப்யூட்டர் முன்பதிவு தொடங்கியபோது, கையால் லெட்ஜர் எழுதிய நமது மூத்த குமாஸ்தாக்களும் பயந்தார்கள். அவர்கள் முட்டாள்கள் அல்லர். பயந்தது பாதி நடந்தது, பாதி நடக்கவில்லை. எந்த ஊர் டிக்கெட்டையும் எந்த கவுண்டரிலும் எடுக்க முடிந்தது ஜனங்களுக்கு லாபம். ஆனால் 2025 ஜூலை 1 முதல் இணையத்தில் தட்கல் எடுக்க ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும். புரோக்கரை ஒழிக்க என்கிறார்கள், சரிதான். நாகர்கோவில் எக்ஸ்பிரசுக்கு இடம் தேடுகிற கட்டடத் தொழிலாளியிடம் அந்தக் கணக்கு இருக்கிறதா?

கடைசியில் அந்தப் பெண்ணிடம், எழுது, ஆனால் பெரிதாக எழுதாதே என்றோம். ஆதார் வேண்டுமா வேண்டாமா என்பதை உச்ச நீதிமன்றம் 38 நாள் விசாரித்து, 2018 செப்டம்பர் 26-ல் நாலுக்கு ஒன்று என்று பிரிந்து தீர்ப்புச் சொன்னது. நீதிபதி சந்திரசூட் மாறுபட்டார். ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட அந்த வழக்கை நீ பத்துத் தாளில் முடிக்க வேண்டாம். நம் தெருவில் ஒரு மாதத்தில் எத்தனை பேருக்கு விரல் பதியவில்லை, அதில் எத்தனை பேருக்குக் கண்ணையோ ஓ.டி.பி.யையோ வைத்துக் கொடுத்தார்கள், எத்தனை பேர் வெறும் பையோடு திரும்பினார்கள், அதை எண்ணு. இந்தக் கணக்கை எந்த ஏ.ஐ.யும் எழுதித் தராது. கடைக்காரரையும் கேள், நெட்வொர்க் போனால் ஏச்சு வாங்குகிறவர் அவர்தான். யார் பெயரையும் கார்டு நம்பரையும் எழுதாதே.

தாயாருக்கு இன்னும் முழுச் சம்மதமில்லை. பள்ளியில் மார்க் குறைப்பார்களோ என்ற பயம். ஆசிரியை இரு பக்கமும் எழுதினால் போதும் என்றிருக்கிறாராம்.

வரும் ஞாயிறு மாலை 5 மணி முதல் அந்தப் பெண் நோட்டுப் புத்தகத்தோடு சங்க அறையில் உட்கார்ந்திருப்பாள். விரல் பதியாமல் திரும்பியவர்கள், தாய்மார்கள் முக்கியமாக, வந்து எந்த மாதம், கடையில் என்ன பதில் சொன்னார்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள். அவளுடைய தாயார் கார்டு விஷயமாக மறுநாள் காலை நாம் ரேஷன் ஆபீசுக்குப் போகிறோம். அதே தொல்லை உள்ளவர்கள் கார்டோடு 10 மணிக்கு வந்துவிட்டால் சேர்ந்தே போகலாம்.